நைஸ் என்ற சொல்லும் ஹென்றி டில்னியின் திருத்தமும்

"நைஸ்" என்றால் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் "முட்டாள்" என்று பொருள். இந்தத் துணுக்கை நீங்களும் எங்காவது படிச்சிருப்பீங்க. தகவல் சரிதான். அதை வைத்துக்கொண்டு "அப்போ யாரையும் நைஸ்னு சொல்லாதீங்க" என்று கிளம்புவதுதான் சிக்கல்.

ஜேன் ஆஸ்டின் நாவல் ஒன்றில் இதே சிக்கல் வருகிறது. நார்த்தாங்கர் ஆபி, அவர் இறந்த 1817-ஆம் வருடக் கடைசியில் வெளிவந்தது. அதில் கேத்தரின் என்ற 17 வயதுப் பெண், ஆன் ராட்கிளிஃப் எழுதிய உடால்ஃபோ என்ற திகில் நாவலை நைஸான புத்தகம் என்கிறாள். கூட இருக்கும் ஹென்றி டில்னி பாதிரியார், நிறையப் படிச்சவர். விடுவாரா? நைஸ்னா நேர்த்தி, அப்போ நீங்க பைண்டிங்கைச் சொல்றீங்களோ என்று கிண்டல் பண்ணுகிறார். பிறகு ஒரு குட்டிப் பிரசங்கம். ஆதியில் இந்தச் சொல் நேர்த்தி, நயம், நாசூக்கு போன்றவற்றுக்கு மட்டுமே இருந்திருக்கும், இப்போது எதற்கெடுத்தாலும் இதுவே என்று.

சொல்லைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றிய பாடமாக இந்தக் காட்சியைக் காட்டுவதுண்டு. எனக்கு அது தலைகீழ் வாசிப்பாகத்தான் படுகிறது.

முதலில் அந்த "ஆதியில்". லத்தீனில் "நே" இல்லை, "ஸ்கீரே" அறிதல். இரண்டும் சேர்ந்த "நெஸ்கியுஸ்" அறியாதவன். (சயின்ஸுக்கும் அதே ஸ்கீரேதான் வேர். அறிவியலும் அறியாமையும் பங்காளிங்க!) பழைய பிரெஞ்சில் அது தேய்ந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது பொருள் முட்டாள். சாசர் அந்தப் பொருளில் எழுதியிருக்கிறார். பிறகு ஒழுக்கம் தளர்ந்த, பகட்டான, கூச்சமுள்ள, எதிலும் நொட்டை சொல்லும், நுணுக்கமான என்று ஊர் ஊராகச் சுற்றி, 18-ஆம் நூற்றாண்டில்தான் "இனிமையான" என்பதற்கு வந்து சேர்ந்தது. நடுவில் சில பழைய வரிகளில் எந்தப் பொருள் என்று அகராதிக்காரர்களாலேயே தீர்மானிக்க முடியவில்லை. ஆக, ஹென்றி சொல்லும் ஆதி ஒரு நடுவழி வெர்ஷன். கமிட் ஹிஸ்டரியில் பாதி தூரம் போய்விட்டு இதுதான் முதல் கமிட் என்பது போல.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. சாமுவேல் ஜான்சனே 1755 அகராதியில் இந்தச் சொல்லுக்கு, மென்மை என்று பொருள்படும் ஒரு சாக்சன் சொல்லை வேராகக் காட்டினார். ஒலி ஒத்துப்போச்சு, அவ்வளவுதான். "நைந்த துணி"யில் இருக்கும் நை-தான் நைஸ் ஆச்சு என்று நம்மாள் யாராவது கிளம்பினால் அவருக்கும் இதே பதில்தான். பிரெஞ்சு வழித்தடம் எழுத்தில் பதிவாகி இருக்கு சார்.

ஆஸ்டின் யார் பக்கம்? ஹென்றியின் சகோதரி எலினரைக் கவனிங்க. அந்தச் சொல் உனக்குத்தான் பொருந்தும், ஆனா பாராட்டா இல்லை என்கிற மாதிரி ஒரு போடு போடுகிறாள். நொட்டை சொல்லும் ஆள் என்ற பொருள் அது. ஜான்சன் அகராதியிலேயே இருப்பது, ஹென்றி தன் பட்டியலில் வசதியாக விட்டது. அவர் மதிக்கும் பழைய பொருளாலேயே அவருக்கு அடி.

கேத்தரினும் மிரண்டுவிடவில்லை. நல்ல புத்தகம்தானே, அப்படிச் சொன்னா என்ன என்று கேட்கிறாள். ஹென்றியிடம் அதற்குப் பதில் இல்லை, நையாண்டி மட்டும்தான். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று அவருக்கு நல்லாவே புரிந்தது, புரிந்ததால்தான் கிண்டல் செய்ய முடிந்தது. இங்கிலீஷ் பேசத் தயங்கும் ஜூனியர் பசங்களை மீட்டிங்கில் ஒருத்தர் இப்படித் திருத்தும்போது எனக்கு ஹென்றி ஞாபகம்தான் வரும். கேத்தரின் மாதிரி திருப்பிக் கேட்கிறவர்கள் குறைவு. பெரும்பாலும் அதுக்கப்புறம் அந்தப் பையன் மீட்டிங் முடியும்வரை மியூட்டில் இருப்பான்.

தமிழுக்கு வந்த நைஸைக் கேட்டிருந்தால் ஹென்றி என்ன ஆகியிருப்பாரோ. மாவை நைஸா அரைக்கிறோம், கூட்டத்திலிருந்து நைஸா நழுவுறோம், மேனேஜரை நைஸ் பண்ணி லீவு வாங்குறோம். மாவு வேண்டுமானால் அவர் பட்டியலில் இடம் பிடிக்கலாம். லீவுக்கு வாய்ப்பே இல்லை.