ரப்பர் திரைக்குள் ஒரு பல்

காம்போசிட் ஃபில்லிங் என்றதும் பலர் நிறப்பொருத்தத்தைத்தான் மெச்சுகிறார்கள். விஷயம் தெரிந்தவர்களின் கண் போவது ஓரத்துக்கு. ரெசினும் எனாமலும் சேரும் அந்தக் கோடு நிலைக்குமா, சில ஆண்டுகளில் பழுப்பேறுமா என்பது பெரும்பாலும் ரெசின் வைக்கும் முன்பே முடிவாகிவிடுகிறது. அதை முடிவு செய்வதில், பல்லை எச்சில் படாமல் பிரித்துவைக்கும் ரப்பர் திரையான ரப்பர் டேமுக்கு நிகர் வேறில்லை.

1864-ல் நியூயார்க் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் கிறிஸ்டி பார்னம், தங்கத் தகடு அடைக்கும்போது எச்சிலோடு மல்லுக்கட்டி அலுத்து, ஒரு ரப்பர் துண்டில் துளையிட்டுப் பல்லில் மாட்டினார். அதை வைத்துக் காசு பார்க்காமல் தொழிலுக்கே கொடுத்துவிட்டார். 1955-ல் மைக்கேல் புவோனகோர் பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலை அரித்து ரெசினை ஒட்டிக் காட்டிய பிறகுதான் அந்தத் துண்டின் அருமை முழுசாக விளங்கியது.

அரித்துக் கழுவி உலர்த்திய எனாமல் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து நிற்கும். அதில் எச்சில் பட்டால் சில நொடிகளில் புரதப் படலம் படிந்து, ரெசின் இறங்க வேண்டிய நுண்துளைகளை மூடிவிடுகிறது. காற்றடித்து உலர்த்தினாலும் படலம் போகாது. மறுபடி அமிலம் வைப்பதே பத்திரம்.

எனாமலுக்கு அடியிலிருக்கும் டென்டினுக்கு ஈரம் வேண்டும் என்று 1990-களில் பல் மருத்துவர் ஜான் கான்கா நிறுவிவிட்டாரே, பிறகு டேம் எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. அவர் சொன்னது சரிதான்: ஒரேயடியாக உலர்த்தினால் கொலாஜன் இழைகள் படுத்துவிடும், ரெசினை ஒட்டவைக்கும் பாண்டிங் திரவம் உள்ளே இறங்காது. ஆனால் அவர் கேட்டது கழுவிய நீரின் மிச்ச ஈரம். எச்சிலும் ரத்தமும் அல்ல. எவ்வளவு ஈரம் என்பதை மருத்துவர் கையில் ஒப்படைப்பதே டேம்.

மேல் முன்பல்லுக்குப் பஞ்சுருளையும் நல்ல உதவியாளரும் போதும் என்பவர்களோடு சண்டையில்லை. கீழ்க் கடைவாய்ப் பல்லில், ஈறோரம் வரை இறங்கிய குழியில், அந்த வாதம் நிற்காது. அங்கே டேம் போடுவதைப் பார்க்க வேண்டும்: கிளாம்ப் பல்லைக் கவ்வியதும் ஃப்ளாஸ் நூல் ரப்பரைப் பல்லிடுக்கில் இறக்குகிறது, மெல்லக் காற்றடித்தபடி, மழுங்கிய கருவியால் ரப்பரின் விளிம்பை ஈறுக்குள் மடித்துவிடுகிறார்கள். கசிவு நிற்கிறது.

இந்த மடிப்பைப் பொறுமையாகச் செய்பவர்கள் குறைவு. கல்லூரியில் கற்றதை, நேரமாகும், நோயாளிக்குப் பிடிக்காது என்று கிளினிக்கில் விட்டுவிடுகிறார்கள். ஒரே பாட்டிலில் வரும் பாண்டிங் இருக்கிறதே என்பது இன்னொரு சமாதானம். ஆனால் அந்த பாண்டிங்குகள் டேமுக்கு ஈடாகாது: அவற்றில் பல நீர்நாட்டம் கொண்டவை; இறுகிய பிறகும் டென்டினிலிருந்து நீரை ஊடுருவ விடுபவை.