கைமாறும் படங்களே பிழைக்கும்

நல்ல படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவருக்கு அதை யாரிடமாவது சொல்லாமல் இருப்புக்கொள்ளாது. ஆனால் சொன்னால் மட்டும் போதாத காலம் ஒன்று நெடுநாள் நீடித்தது. குரோசவாவின் 'ரஷோமோன்' பார்க்க வேண்டிய படம் என்று 1960களில் மதுரையில் ஒருவரிடம் சொன்னால் அவர் எங்கே போய்ப் பார்ப்பார்? படச்சுருள் வேண்டும், புரொஜெக்டர் வேண்டும், கூடம் வேண்டும், இத்தனைக்கும் சந்தா கட்ட ஆட்கள் வேண்டும். ஆகவே, ஒருவருக்கொருவர் படம் காட்டுவதற்கென்றே அன்றைய ரசிகர்கள் சங்கம் வைத்தார்கள். இந்தியாவின் திரைப்படக் கழக இயக்கம் அப்படித்தான் பிறந்தது.

அந்த இயக்கம் நடந்து வந்த பாதையைப் பின்னோக்கிப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. கை மாறிக்கொண்டே இருந்த படங்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. யாரும் அடுத்தவருக்குக் காட்ட முன்வராத படங்கள் பெட்டிக்குள்ளேயே மக்கின. ரசிகர்களின் பரிந்துரைக்கும் படங்களின் ஆயுளுக்கும் உள்ள இந்தத் தொடர்பைத் தமிழ்ச் சூழல் போதுமான அளவு உணரவில்லை. இக்கட்டுரையின் கவலை அதுதான்.

கழகங்கள் தோன்றிய விதம்

லண்டனில் 1925இல் ஃபிலிம் சொசைட்டி தொடங்கப்பட்டது. பொதுத் திரையிடலுக்குத் தணிக்கை இடம் தராத ஐசன்ஸ்டீனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தை 1929இல் தன் உறுப்பினர்களுக்கு அது காட்டியது. பாரிஸில் 1936இல் ஹென்றி லாங்லுவாவும் நண்பர்களும் சினிமாதெக் என்ற திரைப்படக் காப்பகத்தைத் தொடங்கினார்கள். பேசும் படம் வந்தபின் பழைய மௌனப் படங்களை வணிகர்கள் குப்பையாகக் கருதிய காலம் அது. லாங்லுவா அவற்றைச் சேகரித்தார், சேகரித்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார். அங்கே முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த த்ரூஃபோ, கொதார், ரிவெத் முதலிய இளைஞர்கள், ஆந்த்ரே பஸான் முதலியோர் 1951இல் தொடங்கிய 'கையே து சினிமா' இதழில் தங்களுக்குப் பிடித்த படங்களைப் பற்றி ஆவேசத்தோடு எழுதினார்கள். பிறகு தாங்களே படம் எடுத்தார்கள். பார்ப்பது, காட்டுவது, எழுதுவது, எடுப்பது என்ற நான்கும் அங்கே ஒரே சங்கிலியின் கண்ணிகளாக இருந்தன.

இந்தியாவில் அந்தச் சங்கிலி 1947இல் கல்கத்தாவில் தொடங்குகிறது. சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா திரைப்படக் கழகத்தை நிறுவினார்கள். ராய் அப்போது விளம்பர நிறுவனத்தில் ஓவியர். 1950இல் அலுவலகம் அவரை லண்டனுக்கு அனுப்பியது. சில மாதங்களுக்குள் அவர் அங்கே நூறு படங்கள் அளவில் பார்த்தார். டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்' அவற்றில் ஒன்று. தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், தெருவிலேயே படமெடுக்க முடியும் என்ற துணிவை அந்தப் படம் அவருக்குக் கொடுத்தது. 1952இல் இந்தியாவின் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கிச் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் வந்தபோது, இத்தாலிய நியோ ரியலிசப் படங்களையும் 'ரஷோமோனை'யும் நம்மவர்கள் கூட்டமாகப் பார்த்தார்கள்.

1959இல் கல்கத்தா, பம்பாய், டெல்லி, சென்னை முதலிய ஊர்களின் கழகங்கள் ஒன்றுசேர்ந்து இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பை உருவாக்கின. ராய் தலைவரானார். துணைத் தலைவர்களில் ஒருவர் சென்னையின் அம்மு சுவாமிநாதன். அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், கேப்டன் லட்சுமியின் தாயார். உலக சினிமா என்பது இங்கே ஒரு சில இளைஞர்களின் மோகமாக மட்டும் நுழையவில்லை. பொதுவாழ்வில் பெரும் பொறுப்புகளைச் சுமந்தவர்களும் அதைப் பண்பாட்டுக் கடமையாக ஏற்று நின்றார்கள்.

ஒரு பரிந்துரையின் வழித்தடம்

பரிந்துரை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ராயின் 'பதேர் பாஞ்சாலி'யைவிடத் தெளிவான சான்று இல்லை. ராயிடம் பணம் தீர்ந்து படப்பிடிப்பு நின்றும் தொடர்ந்தும் கொண்டிருந்த நாட்கள். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் மன்ரோ வீலர், இந்தியக் கலைப் பொருட்களின் கண்காட்சி ஒன்றுக்காகக் கல்கத்தா வந்தபோது படத்தின் புகைப்படங்களைப் பார்த்தார். முடிந்ததும் தங்கள் அருங்காட்சியகத்தில் திரையிட வேண்டும் என்று விரும்பினார். சில மாதங்கள் கழித்து ஹாலிவுட் இயக்குநர் ஜான் ஹஸ்டன் வேறொரு படத்துக்கு இடம் பார்க்க இந்தியா வந்தார். வேலை எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லும்படி வீலர் அவரைக் கேட்டுக்கொண்டார்.

ராய் ஹஸ்டனுக்குக் காட்டியது ஒலி சேர்க்காத இருபது நிமிடத் துண்டுதான். அதில் நாணல் பூத்த வெளியில் சிறுவன் அப்புவும் அக்கா துர்காவும் ரயிலைக் காணும் காட்சி இருந்தது. அண்ணாந்து நிற்கும் வெண்பூக்கள், தூரத்தில் எழும் கரும்புகை, மேட்டின்மேல் ஓடி ஏறும் சிறுவன். ஒலியில்லாமலே அது ஹஸ்டனுக்குப் போதுமானதாக இருந்தது. அவர் நியூயார்க்குக்கு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினார். 1955 மே மாதம் படம் அங்கே முதன்முதலாகத் திரையிடப்பட்டது. கல்கத்தாத் திரையரங்குகளுக்கு அதன் பிறகே வந்தது. அடுத்த ஆண்டு கான் விழாவில் முதல் காட்சிக்கு நடுவர்களில் பலர் வரவில்லை. படத்தைப் பார்த்து அசந்துபோன விமர்சகர்கள் சிலர் விடாப்பிடியாக நின்று மறுகாட்சிக்கு வழிசெய்தார்கள். சிறந்த மானுட ஆவணம் என்ற பரிசு அதன் பிறகு கிடைத்தது.

இந்தக் கதையில் வரும் ஒவ்வொருவரும் சொன்னதோடு நிற்காமல் ஏதோ ஒரு காரியத்தைச் செய்தார்கள். ஒருவர் இடம் கொடுத்தார், ஒருவர் பார்த்துச் சாட்சி சொன்னார், மற்றவர்கள் மறுகாட்சி கேட்டு வாதாடினார்கள். ரசனையோடு உழைப்பும் சேரும்போதுதான் பரிந்துரைக்குப் பலம் வருகிறது.

கேரளமும் தமிழகமும்

1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் குளத்தூர் பாஸ்கரன் நாயரும் நண்பர்களும் திருவனந்தபுரத்தில் சித்ரலேகா திரைப்படக் கழகத்தைத் தொடங்கினார்கள். ஏற்கெனவே கிராமம்தோறும் நூலகம் கண்டிருந்த சமூகம் கேரளம். திரைப்படக் கழகங்களும் அந்தத் தடத்திலேயே சிற்றூர்களுக்குப் பரவின. 1980களில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் தோழர்களும் கோழிக்கோட்டை மையமாக வைத்து ஒடேசா என்ற கூட்டமைப்பை நடத்தினார்கள். ஊர் ஊராகப் படம் காட்டி, ஜனங்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டிய பணத்தில் 'அம்ம அறியான்' (1986) உருவானது. இந்தப் பழக்கத்தில் வளர்ந்த தலைமுறைகள்தான் 1996இல் தொடங்கிய கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் அரங்குகளை நிரப்புகின்றன. கொரிய இயக்குநர் கிம் கி-டுக் 2013இல் அங்கே வந்தபோது நட்சத்திரத்தைச் சூழ்வதுபோல் ரசிகர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

தமிழகத்தில் நிலைமை வேறு. இங்கே சினிமா அரசியலோடும் நட்சத்திர வழிபாட்டோடும் பின்னிக் கிடந்தது. படித்த வர்க்கமோ அதை நெடுங்காலம் கௌரவக் குறைவாகவே கருதி விலகி நின்றது. திரைப்பட வரலாற்றாளர் சு. தியடோர் பாஸ்கரன் தன் ஆய்வுகளில் இந்த விலகலைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஆனாலும் முயற்சிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னையில் 1977 முதல் இயங்கும் இந்தோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவை நடத்துகிறது. மதுரையில் யதார்த்தாவும் கோவையில் கோணங்களும் இயங்கின. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் (தமுஎகச) பல ஊர்களில் உலகத் திரைப்பட விழாக்கள் நடத்தியது. தமிழ் ஸ்டூடியோ திரையிடலோடு பயிற்சியையும் பதிப்பையும் சேர்த்துக்கொண்டது. வாடகைக் கூடம், வெள்ளைத் துணி, இரவல் புரொஜெக்டர், படம் முடிந்தபின் டீக்கடை வாசலில் நீளும் பேச்சு என்று கைக்காசைப் போட்டு இவற்றை நடத்தியவர்களுக்குத் தமிழ் ரசனை கடன்பட்டிருக்கிறது.

எழுத்தில் பார்த்த படங்கள்

திரையிடல்கள் எட்டாத ஊர்களுக்கு எழுத்து எட்டியது. தமிழின் தனித்தன்மை என்று இதைச் சொல்லலாம்: நம்மில் பலர் உலகப் படங்களை முதலில் படித்தோம், பல ஆண்டுகள் கழித்துத்தான் பார்த்தோம். திருநாவுக்கரசின் 'நிழல்' இதழ், மூன்றாம் உலக சினிமா பற்றிய யமுனா ராஜேந்திரனின் கட்டுரைகள், எஸ். ராமகிருஷ்ணனின் உலக சினிமா நூல்கள், 'ஆனந்த விகடனில்' செழியன் எழுதிய உலக சினிமா தொடர் ஆகியவை இந்த வழியில் முக்கியமானவை. விகடன் தொடர் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் போயிற்று. சலூனில் காத்திருந்தவர்கூட ஈரானியப் படம் ஒன்றைப் பற்றிப் படிக்க அது வாய்ப்பளித்தது. பின்னாளில் செழியனே 'டூலெட்' எடுத்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது.

இந்த எழுத்தில் ஒரு குறையும் உண்டு. பெரும்பகுதி கதைச் சுருக்கமாக நின்றுவிட்டது. படம் கிடைக்காத காலத்தில் கதை சொல்வது உபகாரம். வாசகர் மனதிலேயே படத்தை ஓட்டிக்கொண்டார். சென்னை பர்மா பஜாரின் டிவிடிகள் படங்களை மலிவாகக் கொண்டுவந்து கொட்டிய பிறகு, எங்கே கேமரா நகர மறுக்கிறது, ஏன் அந்த இடத்தில் இசை இல்லை என்று சொல்லும் எழுத்துத்தான் தேவைப்பட்டது. அது இன்னும் குறைவாகவே எழுதப்படுகிறது.

பட்டியலின் பலம்

பரிந்துரை பட்டியலாகவும் வருவதுண்டு. பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் மிகச் சிறந்த படங்களின் பட்டியலைக் கேட்டுவருகிறது. முதல்முறை 'பைசைக்கிள் தீவ்ஸ்' முதலிடம் பெற்றது. 1962 முதல் 2002 வரை 'சிட்டிசன் கேன்', 2012இல் 'வெர்டிகோ'. 2022இல் பெல்ஜிய இயக்குநர் ஷந்தால் அகெர்மனின் 'ஜான் தீல்மான்' (1975) முதலிடத்துக்கு வந்தது.

மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் படம் அது. விதவைத் தாய் ஒருத்தியின் மூன்று நாட்கள். அசையாத கேமராவுக்கு முன்னால் அவள் உருளைக்கிழங்கு சீவுகிறாள், படுக்கையைச் சரிசெய்கிறாள், அறையை விட்டுப் போகும்போது மறக்காமல் விளக்கை அணைக்கிறாள். இரண்டாம் நாள் கிழங்கு அடுப்பில் குழைந்துபோகிறது. அந்தச் சிறு பிசகில் பார்வையாளர் திடுக்கிடுகிறார்; ஏனென்றால் முதல் நாளின் ஒழுங்கை நிமிடம் நிமிடமாக அவர் உடனிருந்து பார்த்திருக்கிறார். வீட்டு வேலை இப்படித் திரையில் முழு நீளத்தில் நின்றது அபூர்வம். ஆராய்ச்சியாளர்களும் பெண்ணியவாதிகளும் வகுப்பறைகளிலும் சிறு அரங்குகளிலும் பல பத்தாண்டுகள் கைவிடாமல் காட்டிவந்ததாலும், வாக்களிப்போர் வட்டம் விரிந்ததாலும் அது மேலே வந்தது. பட்டியல் ஒரே நாளில் வெளிவருகிறது. அதற்கான உழைப்பு அரை நூற்றாண்டு.

நம் பக்கத்து இழப்பு

இந்தக் கண்ணோடு நம் வீட்டைப் பார்த்தால் மனம் கனக்கிறது. தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' (1931) இன்று இல்லை. தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட மௌனப் படங்களில் எஞ்சியதாக அறியப்படுவது 'மார்த்தாண்ட வர்மா' (1933) ஒன்றே. அது தப்பியதும் தற்செயல்தான். சி.வி. ராமன் பிள்ளையின் நாவலை உரிமை பெறாமல் எடுத்ததாகப் பதிப்பகம் வழக்குத் தொடுத்தது; சில காட்சிகளோடு திரையிடல் நின்றது; பிரதி பதிப்பகத்தாரிடம் போய்ச் சேர்ந்தது. 1974இல் பி.கே. நாயர் வழிநடத்திய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அங்கிருந்து அதை மீட்டது. ஜெயகாந்தன் தானே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' (1965) தேசிய அங்கீகாரம் பெற்ற படம். இன்று ஓர் இளைஞர் அதைப் பார்க்க விரும்பினால் எளிதான வழி எதுவும் இல்லை.

எதிர்ச்சான்றும் உண்டு. விமர்சகர் வெங்கட் சாமிநாதன் திரைக்கதை எழுதி ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) தேசிய விருது பெற்றது. திரையரங்குகள் அதைக் கண்டுகொள்ளவில்லை. தூர்தர்ஷன் ஒளிபரப்பும் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. ஆனாலும் கழகங்கள் விடாமல் காட்டின, எழுத்தாளர்கள் விடாமல் பேசினார்கள். இன்றும் அது விவாதத்தில் இருக்கிறது. ஈழத்திலும் அப்படி ஒரு படம் உண்டு. சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ யாழ்ப்பாணத்தில் தமிழில் எடுத்த 'பொன்மணி' (1977) வணிக ரீதியாகத் தோற்றது. ஆர்வலர்களின் திரையிடல்களும் ஆய்வாளர்களின் எழுத்துமே அதன் பெயரைக் காப்பாற்றின.

நம் கழகங்களும் எழுத்தாளர்களும் அயல் படங்களை அறிமுகப்படுத்தக் காட்டிய ஆர்வத்தில் பாதியைக்கூடப் பழைய தமிழ்ப் படங்களுக்குக் காட்டவில்லை. ரசனை வளர வெளியே பார்க்க வேண்டியிருந்தது, அது நியாயமே. ஆனால் கேட்பாரற்ற படத்தின் நெகட்டிவைத் தயாரிப்பாளரின் வாரிசு ஏன் குளிர்சாதன அறையில் வைத்துக் காப்பார்? மறுசீரமைப்புக்கு நிதி தருகிறவர்கள் முதலில் கேட்பது, இதை யார் பார்ப்பார்கள் என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் ரசிகர்கள்.

இனிச் செய்ய வேண்டியது

இன்று ஓடிடி தளங்கள் நாம் பார்த்ததைக் கணக்கு வைத்து அதேபோன்ற இன்னொன்றை நீட்டுகின்றன. தேடுவதற்கு அது உதவிதான். ஆனால் தளத்தில் இல்லாத படத்தை அது ஒருநாளும் சொல்லாது. பார்த்து முடித்தபின் கூட உட்கார்ந்து பேசவும் செய்யாது. அந்த இரண்டையும் சக ரசிகர்தான் செய்ய முடியும்.

எனவே படம் சொல்கிறவர்களுக்குச் சில பழக்கங்கள் வேண்டும். ஒரே மூச்சில் ஐம்பது பெயர்களை அடுக்காமல், கேட்பவரின் வயதும் வாழ்க்கையும் அறிந்து ஒன்றைச் சொல்லலாம். கதையை விட்டுவிட்டுக் கவனிக்க வேண்டிய ஓர் இடத்தைக் காட்டிக்கொடுக்கலாம். முடிந்தால் கூடவே உட்கார்ந்து பார்க்கலாம். பிடிக்கவில்லை என்று அவர் சொன்னால் காரணத்தைப் பொறுமையாகக் கேட்கலாம். ஊரில் திரையிடல் நடத்துகிறவர்கள் ஒவ்வொரு அயல் படத்துக்கும் ஈடாக ஒரு பழைய தமிழ்ப் படத்தைச் சேர்க்கலாம். அதன் நல்ல பிரதி கிடைக்கவில்லையென்றால், கிடைக்கவில்லை என்பதையே எழுதிக் காப்பகத்துக்கும் உரிமையாளருக்கும் அனுப்பலாம். அப்படி நூறு ஊர்களிலிருந்து நூறு கடிதங்கள் போனால் காப்பகத்தின் முன்னுரிமைப் பட்டியல் மாறும். நம் படங்களைக் காப்பாற்றும் வேலை பூனாவில் உள்ள காப்பகத்தின் குளிர் அறைகளில் தொடங்குவதில்லை. நமக்குப் பிடித்த ஒரு படத்தை நாம் அடுத்தவருக்குக் காட்டும் பொறுப்பை ஏற்கும்போதே அது தொடங்கிவிடுகிறது.