கடல் தாண்டும் தோல்பாவை

பாலக்காட்டுப் பகவதி கோயில்களின் கூத்துமாடத்தில் தோல்பாவைக்கூத்து நடக்கும்போது, திரைக்கு முன்னால் பல இரவுகள் ஆளே இருக்காது. பத்ரகாளி பார்த்தால் போதும் என்று பாவையாட்டும் புலவர்கள் விடிய விடியக் கம்பன் பாட்டைப் பாடி, பொருள் சொல்லி, தர்க்கம் பண்ணுவார்கள். எனக்குப் பிடித்தது திரையின் பின்பக்கம். தேங்காய் மூடிகளில் வரிசையாக 21 விளக்குகள். காற்றில் சுடர் நெளிந்தால் திரையில் இராமன் மூச்சு விடுவான். மின்விளக்கில் அது வராது. பாவைக்குப் பெரும்பாலும் ஒரு கைதான் அசையும். கோபம், கெஞ்சல், சமாதானம் எல்லாம் அந்த ஒரு கையில். தோலில் உளி வைத்துப் பொட்டுப் பொட்டாகத் துளையிட்டு நகை செய்கிற பொறுமை தனி. ஒரு துளை பிசகினாலும் நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.

2021இல் பத்மஸ்ரீ பெற்ற இராமச்சந்திர புலவரின் குழு இந்தப் பாவைகளை வெளிநாட்டு மேடைகளுக்கும் கொண்டுபோயிருக்கிறது. அங்கே கேரளத்தின் முகமாக நிற்பது கம்பனின் தமிழ், அதுவும் மலையாள நாக்கில்! பல இரவுக் கதை அங்கே ஒரு மணி நேரத்துக்குள் அடங்கவேண்டும். முதலில் வெட்டுப்படுவது நீண்ட தர்க்கங்கள்தான். சண்டையும் தாளமும் தப்பித்துக்கொள்ளும். எனக்கென்னவோ அந்தத் தர்க்கங்களில்தான் ருசி.