பந்தின் மேல் புள்ளிகள்: ராமானுஜன் வந்து சேரும் இடம்

ஒரு பந்தின் மேல் ஆயிரம் புள்ளிகளைச் சமமாகப் பரப்ப வேண்டும். கிராபிக்ஸ் எழுதும் நம்ம ஆட்கள் உடனே ஃபிபனாச்சி சுருளைப் போட்டுவிடுவார்கள்: ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் 137.5 டிகிரி திரும்பு, கொஞ்சம் கீழே இறங்கு. பத்து வரி நிரல், பார்க்கவும் அழகு. இதே வேலைக்கு லுபோட்ஸ்கி, பிலிப்ஸ், சர்நாக் மூவரும் 1986-இல் எழுதிய கட்டுரையைப் படித்தால், சமம் என்ற சொல்லே வேறாகிவிடுகிறது.

அவர்கள் பந்தைச் சுழற்றுகிறார்கள். செங்குத்தான மூன்று அச்சுகள், ஒவ்வொன்றிலும் சுமார் 126.87 டிகிரி (கொசைன் −3/5), முன்னும் பின்னும். ஆக ஆறு சுழற்சிகள். ஒரு புள்ளியில் தொடங்கி, போன வழியே திரும்பாமல் இவற்றை மாற்றி மாற்றிப் போட்டால் 6, 30, 150, 750 என்று புள்ளிகள் பெருகும்.

எவ்வளவு சமம்? பந்தின் மேல் ஏறி இறங்கும் ஓர் அளவை எடுங்கள், வெப்பநிலை மாதிரி. சராசரி பூஜ்ஜியம். ஆறு சுழற்சிக்கும் அதைத் திருப்பிக் கூட்டினால் அதன் வலிமை 6 மடங்கு வரை போகலாம். இந்த ஆறுக்கோ 2√5, அதாவது சுமார் 4.47 மடங்கைத் தாண்டாது. வேறு எந்த மூன்று சுழற்சிகளையும் அவற்றின் எதிர்களையும் எடுத்தாலும் இதற்குக் கீழே இறங்க முடியாது.

அந்த 2√5 எங்கிருந்து வருகிறது? 1916-இல் ராமானுஜன் தன் டௌ சார்புக்கு ஓர் எல்லையை ஊகித்தார். 5 என்ற பகா எண்ணுக்கு டௌ மதிப்பு 4830. அவர் சொன்ன எல்லை சுமார் 13,975. 1974-இல் டெலீன் அதை நிரூபித்தார். அதே ஊகத்தின் விரிந்த வடிவம்தான் இங்கே வேலை செய்கிறது. நம்ம ஊரில் டிசம்பர் 22 வந்தால் 1729-உம் நாமகிரித் தாயாரும்தான். இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. எரிச்சலாகத்தான் இருக்கு.

கட்டுரை மேல் எனக்குக் குறையும் உண்டு. சுழற்சிகளைப் பள்ளி மாணவனுக்கே சொல்லிவிடலாம், ஆனால் நிரூபணத்துக்கு டெலீனை அப்படியே கறுப்புப் பெட்டியாக வாங்கிக்கொள்ளணும். அதோடு, இந்தச் சமம் சராசரிக்கான சமம். இரண்டு புள்ளிகள் ஒட்டிக்கொண்டு நிற்காது என்று உத்தரவாதம் கிடையாது. இடைவெளிதான் முக்கியம் என்றால் சுருளே மேல்.

ஆனால் எதிரெதிர்ப் புள்ளிகளை ஒன்றாக எண்ணும் வீழ்த்தளத்துக்குப் போனால் (மையம் வழியே போகும் கோடுகள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்) கதை மாறுகிறது. அரைப் பந்தில் சுருளைப் போட்டால் விளிம்பில் எதிரெதிரே இருப்பவை கோடுகளாக நெருங்கிவிடலாம். சுழற்சியோ கோட்டைக் கோடாகவே எடுத்துப் போகும். அதே 2√5, ஒரு வரி மாற்றம் இல்லாமல். எனக்கு இந்தக் கட்டுரையில் ரொம்பப் பிடித்தது இதுதான்.

நிரலில் முயல்பவர்களுக்கு ஒன்று: தொடக்கப் புள்ளியை வடதுருவத்தில் வைக்காதீர்கள். செங்குத்து அச்சின் சுழற்சி அதை அசைக்காது, 750-இல் பல ஒரே இடத்தில் விழும். ஏதாவது ஒரு தற்செயல் புள்ளி போதும்.