கிளிப்லெஸ் பெடல்: வேலைக்குப் போகிற காலுக்கு அது எதற்கு?

பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்கு ஷிப்டு வேலைக்குப் போகிறவன். காசு சேர்த்து வைத்து இப்போதுதான் ஒரு கியர் சைக்கிள் வாங்கியிருக்கிறான்.

"அண்ணே, நானும் கிளிப்லெஸ் பெடல் போடலாம்னு இருக்கேன். அது போட்டா மேல வர்ற காலாலயும் இழுக்கலாமாம். பாதி சக்தி வீணாப் போகுதுன்னு வீடியோல சொல்றாங்க. எது வாங்கட்டும்?"

பெடலும் அதற்கான ஷூவும் சேர்ந்தால் அவன் சைக்கிள் விலையில் ஏறக்குறைய பாதி. அதே ரோட்டில் இரண்டு வருஷம் அந்தப் பெடலோடு ஓட்டியவன் நான். ஒரு தடவை விழுந்தும் இருக்கிறேன். "நாளைக்குச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு, தெரிந்ததையும் படித்ததையும் எழுதி வைத்துப் பார்த்தேன். அதுதான் இது.

முதலில் பெயர்க் குழப்பம்

கிளிப்லெஸ் என்றால் 'கிளிப் இல்லாதது'. ஆனால் காலைப் பூட்டி வைப்பதே இந்தப் பெடல்தான்! முதல் தடவை கேட்கிற யாருக்கும் இது குழப்பும். விஷயம் இதுதான்: பழைய ரேஸ் சைக்கிள்களில் பெடலின் முன்னால் ஒரு கம்பிக் கூடு இருக்கும். அதற்குள் ஷூவை நுழைத்து, வாரை இழுத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பெயர் டோ கிளிப். அந்தக் கூடு இல்லாமல், ஷூவின் அடியில் திருகிய ஒரு சின்னத் துண்டு (கிளீட்) நேராகப் பெடலில் 'கிளிக்' என்று மாட்டிக்கொள்கிற முறை வந்தபோது, அதைக் கிளிப்லெஸ் என்றார்கள். கழற்ற வேண்டுமானால் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும்.

பனிச்சறுக்குக் கட்டைகளில் பூட்ஸைப் பூட்டுகிற கருவி செய்துகொண்டிருந்த பிரெஞ்சு நிறுவனம் லுக். அதே யோசனையை அது 1984-ல் பெடலுக்குக் கொண்டுவந்தது. அடுத்த வருஷமே, 1985-ல், பெர்னார் ஹினோ அந்தப் பெடலோடு டூர் த பிரான்ஸ் பந்தயத்தை ஜெயித்தார். அதற்கப்புறம் பந்தயக்காரர்கள் எல்லாரும் மெல்ல மாறிவிட்டார்கள்.

ஆனால் அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு நடக்க முடியாது. கிளீட் அடியில் துருத்திக்கொண்டு நிற்கும். வாத்து மாதிரிதான் நடக்கலாம். பந்தயக்காரருக்கு அது பிரச்சினையே இல்லை, அவர் எங்கே நடக்கப்போகிறார்? மலைப்பாதையில் ஓட்டுகிறவருக்கோ பாதி இடத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். அவருக்காக ஷிமானோ 1990-ல் கொண்டுவந்ததுதான் எஸ்.பி.டி. கிளீட்டைச் சின்னதாக்கி, ஷூவின் அடிப்பகுதியில் ஒரு குழிக்குள் புதைத்துவிட்டார்கள். இன்று வேலைக்குப் போகிறவர்களுக்குச் சிபாரிசு செய்யப்படுவது இந்த வகைதான்.

இந்தச் சரித்திரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. இறங்கி நடக்க வேண்டிய ஆளுக்கு வேறு பெடல் வேண்டும் என்று இதைச் செய்தவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆகவே பெடலை எடைபோடும்போது, கால் பெடலில் இருக்கும்போது என்ன ஆகிறது என்பதோடு, தரையில் இருக்கும்போது என்ன ஆகிறது என்றும் பார்க்க வேண்டும். நமக்குக் கிடைக்கிற சிபாரிசுகள் எல்லாம் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. அந்த முதல் பாதியும் சரியா?

இழுத்தால் சக்தி கூடுமா?

'மேலே வரும் கால் சும்மா வருகிறது, அதைப் பயன்படுத்தினால் லாபம்' என்பதுதான் வாதம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் நம்பித்தான் வாங்கினேன்.

ஒரு காலின் எடை உடம்பு எடையில் ஆறில் ஒரு பங்கு இருக்கும். 60 கிலோ ஆளுக்கு 10 கிலோ. அந்த 10 கிலோவை ஒவ்வொரு சுற்றிலும் தூக்க வேண்டுமே என்று தோன்றும். ஆனால் ஒரு கால் ஏறும்போது இன்னொரு கால் இறங்குகிறது. இரண்டு கிராங்கும் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. கிணற்று ராட்டினத்தில் கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டியிருந்தால், இறங்குகிற வாளி ஏறுகிற வாளியைத் தூக்கிக் கொடுக்குமே, அதே கணக்கு. ஏறுகிற காலைத் தூக்குகிற வேலையை இறங்குகிற காலின் எடை பார்த்துக்கொள்கிறது. வீணாகப் போகிறது என்று சொல்லப்படும் சக்தியில் பெரும்பகுதி வீணாகவே இல்லை.

சரி, அதற்கு மேலும் இழுத்தால்? 2007-ல் கார்ஃப் என்பவரும் அவருடைய குழுவினரும் 8 சைக்கிள் வீரர்களை வைத்துச் சோதித்தார்கள். வழக்கம்போல மிதிப்பது, வட்டமாக மிதிப்பதாக நினைத்து மிதிப்பது, மேலே இழுப்பது, கீழே அழுத்துவது என்று நான்கு விதம். மேலே இழுத்தபோது பெடலின் மேல் விசை விழும் விதம் சீரானது உண்மை. ஆனால் உடம்பு செலவழித்த சக்தியோடு ஒப்பிட்டால், நான்கிலும் மோசமானது அதுதான். காரணம் ஊகிக்கக்கூடியதே: நம் தொடையும் புட்டமும் உடம்பைத் தாங்கி மேலே தள்ளுவதற்குப் பழகிய பெரிய தசைகள், காலை மேலே தூக்குகிற தசைகள் சின்னவை. சின்ன ஆளிடம் மூட்டையைக் கொடுத்தால் அவன் தூக்குவான், ஆனால் மூச்சு வாங்கும்.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2016-ல் ஸ்ட்ரா, கிராம் இருவரும் வெளியிட்ட ஆய்வு. சாதாரண ஓட்டக்காரர் ஷூ போட்டுத் தட்டைப் பெடல், அதே ஷூவோடு டோ கிளிப், சைக்கிள் ஷூவோடு கிளிப்லெஸ் என மூன்றையும் ஒப்பிட்டார்கள். 50 முதல் 150 வாட் வரையான உழைப்பில், உடம்பு செலவழித்த சக்தியில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அந்த 50 முதல் 150 வாட் என்பதுதான் நம் ஆள் மில்லுக்குப் போகிற வேகம். 100 வாட், நிமிஷத்துக்கு 60 சுற்று, 17 செ.மீ. கிராங்க் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன்: சராசரியாகப் பெடலில் விழும் விசை 9.5 கிலோ எடைக்குச் சமம்தான். ஒரு கால் அழுத்தியே தாராளமாக முடிக்கிற வேலை.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில நொடிகள் முழு மூச்சோடு பாய்ந்து ஓட்டும்போது பூட்டிய கால் கூடுதல் சக்தி தரத்தான் செய்கிறது. பந்தயத்தின் கடைசி இருநூறு மீட்டரில் அது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். பயோமெட்ரிக்கில் கைவைக்க ஓடுகிறவனுக்கு அரை நிமிஷம் மிஞ்சலாம்.

நம்ம ரோடு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் சுமார் 12 கி.மீ. திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை. பெரிய மேடு பள்ளம் கிடையாது. தென்மேற்கு நோக்கிப் போகிற ரோடு என்பதால், ஆடி மாசக் காற்று காலையில் நெஞ்சில் அறையும். சாயந்தரம் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். மடவார்வளாகம் தாண்டினால் கொஞ்ச தூரம் நிம்மதியாக ஓட்டலாம். லாரி, தனியார் பஸ், எதிரில் தப்பான பக்கத்தில் வருகிற பைக், சாவகாசமாகக் குறுக்கே நடக்கிற மாடு, எல்லாம் உண்டு. ராஜபாளையம் ஊருக்குள் நுழைந்ததும் கதையே வேறு. பத்தடிக்கு ஒரு தரம் பிரேக்.

நான் விழுந்தது பஞ்சு மார்க்கெட் பக்கத்தில்தான். முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. வழக்கம்போல இடது காலைத் திருப்பிக் கழற்றினேன். அந்த நேரம் பார்த்து முன் சக்கரம் ஒரு குழியில் இறங்கி, சைக்கிள் வலது பக்கம் சாய்ந்தது. வலது கால் பூட்டியே இருந்தது. மரம் சாய்கிற மாதிரி மெதுவாகச் சாய்ந்தேன். மெதுவாக என்பதால் எல்லாவற்றையும் பார்க்க முடிந்தது: பின்னால் வந்த ஷேர் ஆட்டோவின் முன் சக்கரம் என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றதையும் பார்த்தேன். டீக்கடையிலிருந்து ஓடி வந்த ஒருவர் தூக்கிவிட்டு, பெடலையும் என் ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சார், காலைக் கட்டிப்போட்டுக்கிட்டா சைக்கிள் ஓட்டுறீங்க?"

தப்பு பெடலுடையது என்று சொல்ல மாட்டேன். அது வடிவமைத்தபடிதான் வேலை செய்தது. 'பழகிவிட்டால் விழ மாட்டீர்கள்' என்பார்கள். அப்போது நான் ஒன்றரை வருஷம் பழகியிருந்தேன். பழக்கம் என்பது எதிர்பார்த்த பக்கம் சாயும்போது உதவுகிறது. நாம் இடது பக்கம் ஓட்டுகிற நாட்டில், இடது பக்கம் சாய்ந்தால் மண். வலது பக்கம் சாய்ந்தால் போக்குவரத்து. எதிர்பாராத சாய்வு உயிருக்கு ஆபத்தான பக்கத்தில் இருக்கிறது.

செருப்பு என்கிற வாதம்

பெடல் சிபாரிசுகளில் யாரும் பேசாத ஒரு பொருள் செருப்பு. நம் ஊரில் பெரும்பாலானோர் சைக்கிள் மிதிப்பது செருப்புக் காலோடு. 2001 வாக்கில் பட்டியலின, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னால் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்த தமிழக அரசின் இலவச சைக்கிளை எடுத்துப் பாருங்கள். சாதாரணப் பெடல். செருப்பு, பள்ளி ஷூ, வெறுங்கால் எதுவானாலும் ஏற்கும். சாயந்தரம் அதே சைக்கிளை அப்பா கடைக்கு எடுத்துப் போவார், தம்பி டியூஷனுக்கு எடுத்துப் போவான். கிளிப்லெஸ் போட்ட நாளிலிருந்து என் சைக்கிளை வீட்டில் வேறு யாரும் தொட்டதில்லை. பால் வாங்கத் தெருமுனைக்குப் போவதற்குக்கூட நான் ஷூ மாட்ட வேண்டியிருந்தது.

கோயிலுக்குப் போனால் இன்னும் வேடிக்கை. விலை கூடின ஷூவை வெளியே கழற்றிவிட்டு ஆண்டாள் சன்னிதியில் நின்றால், மனசு முழுக்க ஷூவிடம்தான்.

அப்ப எதை வாங்குறது?

பையனுக்கு நான் சொன்னது இதுதான்.

தினமும் வேலைக்குப் போவதுதான் முதல் காரியம் என்றால், அகலமான, சொரசொரப்பான தட்டைப் பெடல் போதும். ரப்பர் கட்டை வைத்த பழைய பெடல் தேய்ந்துபோனால் மழையில் வழுக்கும். அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். கூரான பின் வைத்தது பிடிமானம் தரும், ஆனால் செருப்பையும் முழங்கால் கீழ் எலும்பையும் கிழிக்கும். செருப்புக்காரர்களுக்குப் புடைத்த புள்ளிகள் உள்ள பெடல் நல்லது.

ஞாயிற்றுக்கிழமை செண்பகத்தோப்புப் பக்கம், அதைவிட நீண்ட தூரம் என்று ஆசை இருந்தால், ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் எஸ்.பி.டி. உள்ள பெடல் இருக்கிறது. ஊருக்குள் தட்டைப் பக்கம், வெளி ரோட்டில் பூட்டுப் பக்கம். சரியான பக்கம் மேலே வரக் காலால் புரட்ட வேண்டும் என்பது ஒரு தொல்லை.

எப்படியும் கிளிப்லெஸ்தான் என்றால்: மூன்று போல்ட் ரேஸ் கிளீட் வேண்டாம், இரண்டு போல்ட், குழிக்குள் புதைந்த வகை. பல திசையில் திருப்பினாலும் கழன்றுவிடுகிற கிளீட்டும் தனியாகக் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். ஸ்பிரிங்கை எல்-கீயால் கடைசிவரை தளர்த்தி வையுங்கள். முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலையும், முக்கியமாக வலது காலை, நூறு தடவை கழற்றிப் பழகுங்கள்.

மாட்டும்போது ஒன்று ஞாபகம் வேண்டும். இடது பெடலின் மரை எதிர்த்திசை. வலது பக்கம் போலவே திருப்பி முறுக்கினால் கிராங்கின் மரையே போய்விடும்.

எல்லாம் கேட்டுவிட்டு அவன், "அப்ப நீங்க மட்டும் ஏண்ணே இன்னும் அந்த ஷூவ வச்சிருக்கீங்க?" என்றான். நியாயமான கேள்வி. கால் பெடலோடு ஒட்டி, எதிர்க்காற்றில் சீராகச் சுற்றுகிற அந்த உணர்வு எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்பது வாங்குவதற்குப் போதுமான காரணம்தான். அதை 'சக்தி மிச்சம்' என்று சொல்லி விற்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அதை நம்பி ஒருவன் சம்பளத்தில் பாதியைக் கொடுப்பது அதைவிடப் பிடிக்கவில்லை.

இப்போது என் சைக்கிளில் வாரம் முழுக்கத் தட்டைப் பெடல். ஷூ பரணில் இருக்கிறது. பையன் ஒரு ஜோடி அகலப் பெடலும், மிச்சக் காசில் முன்னுக்கும் பின்னுக்கும் நல்ல லைட்டும் வாங்கியிருக்கிறான். இரவு ஷிப்டு முடிந்து வருகிறவனுக்கு அந்த ரோட்டில் அதுதான் முதலில் வேண்டியிருந்தது. பெடல் பற்றிக் கேட்டபோது எனக்கும் அது உடனே தோன்றவில்லை.