ஒரே வரியில் தோற்ற கட்சி: மலாயா சுதந்திரக் கட்சியை நாம் கற்பிக்கும் விதம்

சுங்கைப் பட்டாணியில் ஒரு மாலை வகுப்பு. "தாராளவாதக் கட்சின்னா என்ன?" என்று கேட்டேன். "எலெக்‌ஷன் நேரத்துல தாராளமா செலவு பண்ற கட்சி, சார்" என்றான் பின்வரிசைப் பையன் ஒருவன். வகுப்பே சிரித்தது, நானும்தான். பிறகு அவன் கையிலிருந்த துணைநூலை வாங்கிப் புரட்டினேன். சிரிப்பு போய்விட்டது. மலாயா சுதந்திரக் கட்சிக்கு அதில் கிடைத்த இடம் இவ்வளவுதான்: 1951இல் டத்தோ ஓன் ஜாபார் தொடங்கினார், மலாய்க்காரர்கள் ஆதரிக்கவில்லை, தோற்றது.

இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் ஏன், எப்படி என்ற இரண்டும் இல்லை. அந்த இரண்டும் இல்லாத விடை மனப்பாடம்தான், வரலாறு ஆகாது.

முதலில் சொல்லின் பொருள். ஒருவன் எந்த இனம் என்று பார்க்காமல், அவன் இந்நாட்டுக் குடிமகன் என்பதை முதன்மையாகக் கொள்வதும், சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்பதும் தாராளவாதத்தின் அடிப்படை. மலாயா சுதந்திரக் கட்சி அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அக்கால மலாயாவில் அந்தக் கொள்கைக்கு மிக அருகில் நின்ற கட்சிகளில் அதுவும் ஒன்று.

ஓன் 1946இல் அம்னோவைத் தொடங்கியவர். அதன் கதவை மற்ற இனத்தாருக்கும் திறக்க விரும்பினார். கட்சி இணங்கவில்லை. 1951 ஆகஸ்டில் விலகினார். அவர் இடத்துக்கு வந்தவர் நம் அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான். கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் மாவட்ட நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். அடுத்த மாதமே ஓன் புதிய கட்சியைத் தொடங்கினார்.

துணைநூல்கள் செய்யும் முதல் தவறு, தோல்வியை ஒரே இனத்தின் தலையில் கட்டிவிடுவது. 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலைப் பாருங்கள். மொத்தம் 12 இடங்கள். அம்னோவும் ம.சீ.ச.வும் கைகோத்து 9 இடங்களை வென்றன. ஓனின் கட்சிக்கு 2, சுயேச்சைக்கு 1. ம.சீ.ச.வின் தலைவர் டான் செங் லோக் தொடக்கத்தில் ஓனின் முயற்சிக்குத் துணை நின்றவர். அவர் கட்சியின் சிலாங்கூர்த் தலைவர்களோ அம்னோவோடு உடன்பாடு செய்துகொண்டார்கள். ஆக, "மலாய்க்காரர் ஆதரிக்கவில்லை" என்பது பாதி விடைதான். தனித்தனியே கிளையும் ஆள்பலமும் வைத்திருந்த இரண்டு இனக் கட்சிகள் சேர்ந்து நின்றபோது, அடித்தளமே போடாத பொதுக் கட்சி நிற்க முடியவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.

ஓன் பக்கமும் குறை உண்டு. படித்தவர்களும் பிரமுகர்களும் நிறைந்த நகரத்துக் கட்சியாகவே அது இருந்தது. அவரோ ஆங்கிலேய அரசில் உள்துறைப் பொறுப்பில் இருந்தார். பத்து ஆண்டுக்குள் சுயாட்சி என்ற அவர் இலக்கு, மெர்டேக்காவை விரைவாகக் கேட்ட துங்குவின் குரலுக்கு முன்னால் மெதுவாகத் தெரிந்தது. 1954இல் அவர் பார்ட்டி நெகாராவுக்குப் போனார். அங்கே மலாய்க்காரர் நலனையே முன்னிறுத்தினார். தொடங்கிய கொள்கையைத் தொடங்கியவரே விட்டுப் போனது இந்தக் கதையின் கசப்பான பகுதி.

இரண்டாவது தவறுதான் நம்மைச் சுடுகிறது. இந்தக் கதையில் இந்தியர்களே இல்லை! உண்மையில் ம.இ.கா. அந்த நாளில் ஓனின் கட்சிக்குத்தான் ஆதரவு தந்தது. 1954இல்தான் கூட்டணியில் சேர்ந்தது. கொள்கையை விட்டு ஓடிவிட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 1957 குடிக்கணக்கில் மலாயா மக்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினர் இந்தியர். 1955 பொதுத்தேர்தல் வாக்காளர்களில் அவர்கள் 5 விழுக்காடுகூட இல்லை. மலாய்க்காரர் 84 விழுக்காடு.

காரணம் குடியுரிமை. 1948 உடன்படிக்கையின்படி, வெளியில் பிறந்து இங்கு வந்தவர் விண்ணப்பிக்க, 20 ஆண்டுகளில் 15 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மலாய் அல்லது ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்து, விடியுமுன் பால்மரம் வெட்டப் போன நம் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேருக்குத் தாள் இருந்தது? ஒன்றுதிரளத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். பீடோங் ஆர்வர்ட் தோட்டத்தில் கள்ளை எதிர்த்துத் தொண்டர் படை கட்டியவர்கள் கெடா மக்கள்தான். கட்டுப்பாடு இருந்தது, துணிவு இருந்தது. வாக்குச்சீட்டு மட்டும் பலர் கையில் இல்லை.

"குடிமகனே முதல்" என்ற கட்சியால் அதிகம் பயன்பெற்றிருக்க வேண்டியவர்கள், குடிமக்களாகவே எண்ணப்படாத காலம் அது. ஓனின் கட்சி தோற்றதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 1955இல் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. துங்கு நின்று வென்றது கெடாவின் சுங்கை மூடாவில்.

கொள்கை அத்தோடு சாகவில்லை. 1968இல் தோன்றிய கெராக்கான் பல இனக் கட்சியாகவே எழுந்து, மறு ஆண்டே மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் பினாங்கு ஆட்சியைப் பிடித்தது. பிறகு அதுவும் தேசிய முன்னணிக்குள் போனது. தனியே நின்று கொள்கையைக் காப்பதா, உள்ளே போய்ப் பயன் பெறுவதா என்ற கேள்வி மட்டும் தீரவே இல்லை.

ஆசிரியர்களே, அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

1. 1952இல் வென்றவர்களிடம் இருந்து, ஓனிடம் இல்லாதது எது?
2. ம.இ.கா. 1954இல் எடுத்த முடிவு சரியா? இரு பக்கமும் வாதிடுக.
3. உன் குடும்பத்தில் முதன்முதலில் வாக்களித்தவர் யார்? எந்த ஆண்டு?

மூன்றாவது கேள்விக்கு எந்தத் துணைநூலிலும் விடை இருக்காது. பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்டு வரட்டும். கேட்டு வந்த பிள்ளை, முதல் இரண்டுக்கும் மனப்பாடம் இல்லாமலே எழுதிவிடும்.