ஒற்றையடிப் பாதையும் ஆங்கிலக் கவிதையும்

ஆங்கில இலக்கியத்தில் இயற்கையைப் பாடிய கவிஞர் யாவர் என வினவின், வேர்ட்ஸ்வொர்த்தின் பெயரே முதற்கண் நம் நாவில் எழும். கல்லூரியில் நாம் அவ்வாறே பயின்றோம். ஏரிக்கரையும் டாஃபடில் மலர்களும் இன்றும் நம் நினைவில் நிற்கின்றன. ஆயின், அம்மலர்களைக் காணக் கவிஞர் நடந்து சென்ற வழி யாருடையது? அதனைத் தேய்த்துத் தடமாக்கிய கால்கள் யாருடையவை? அவ்வழியே நடக்க மக்களுக்கு உரிமை எங்ஙனம் வந்தது? இவ்வினாக்களை நம் பாடநூல்கள் எழுப்பியதில்லை. ஆங்கிலச் சிற்றூர்களின் நடைவழிகளைப் பற்றிய இலக்கியத்தை இவ்வினாக்களோடு படிப்போமாயின், நாம் இதுகாறும் கொண்டிருந்த மதிப்பீடுகள் சில மாறும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

அவ்வழிகளின் இயல்பை முதலில் அறிந்துகொள்வோம். ஆங்கிலச் சிற்றூர்களில் தேவாலயத்தின் பின்புறத்திலிருந்தோ, வீடுகளுக்கு இடைப்பட்ட சந்திலிருந்தோ ஒற்றையடிப் பாதை ஒன்று வயல்வெளிக்குள் இறங்கிச் செல்வதைக் காணலாம். உயிர்வேலி குறுக்கிடும் இடத்தில் ஏறி இறங்க மரப்படி அமைந்திருக்கும். மஞ்சள் நிற அம்புக்குறி திசை காட்டும். நிலம் தனியாருடையது, அதனூடே நடக்கும் உரிமை மட்டும் அனைவர்க்கும் உரியது. உழவர் பாதையின் குறுக்கே உழ நேர்ந்தாலும், மீண்டும் அதனை நடக்கத் தக்கதாக்கித் தரல் வேண்டும் என்பது சட்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய பொதுவழிகள் ஏறத்தாழ 1,40,000 மைல் நீளம் உள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை உல்லாசமாக உலவுவோருக்கென இடப்பட்டவை அல்ல. கூலியாள் வயலுக்கும், குடியானவன் மாவரைக்கும் ஆலைக்கும், பிணம் சுமந்தோர் இடுகாட்டுக்கும் நடந்து நடந்து பதிந்த தடங்கள் இவை. மக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு நடந்த வழி பொதுவழியெனக் கருதப்படும் என்று 1932ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. ஒருகால் பொதுவழியாயின் அது என்றும் பொதுவழியே என்பது அந்நாட்டு நீதிமன்றங்கள் போற்றும் பழைய நெறி. எனவே, அங்கே நடத்தல் பொழுதுபோக்கு மட்டுமன்று. ஓர் உரிமையை உயிரோடு வைத்திருக்கும் செயலுமாகும்.

இனி வேர்ட்ஸ்வொர்த்தைக் காண்போம். 1793இல் அவர் வெளியிட்ட தொடக்ககால நூல்களுள் ஒன்றின் பெயரே ‘ஒரு மாலை நடை’ எனப் பொருள்படும். அவர் தம் வாழ்நாளில் 1,75,000 மைலுக்குக் குறையாது நடந்திருப்பார் என டி குவின்சி கணக்கிட்டார். வழியிற் கண்ட இரவலரையும், அட்டை பிடிக்கும் முதியவரையும் அவர் பரிவோடு பாடியுள்ளார். அதனை நாம் மறுக்கவில்லை. எனினும், பாதை அவருக்குப் பெரும்பாலும் தம் உள்ளம் உலவும் அரங்கமாகவே அமைகின்றது. 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் அம்மலர்களைக் கண்டபோது அவருடன் தங்கை டாரதியும் இருந்தார். 1807இல் வெளிவந்த கவிதையிலோ கவிஞர் தனியராய் அலைகின்றார். டாரதியின் நாட்குறிப்பில் மலர்களோடு கடுங்காற்றும், வளைகுடா நடுவே தனித்து மிதந்த படகும், வயலில் ஏர் உழுததும் இடம்பெறுகின்றன. அண்ணன் கவிதையாக்கியபோது ஏரும் போயிற்று. உடன் நடந்தவரும் மறைந்தார். கவிதைக்கு இத்தகைய உரிமை உண்டு. ஆயினும், நிலத்தின் உண்மையை அறிய விழைவோர் டாரதியின் உரைநடையையே நாடல் வேண்டும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. ஏரிப்பகுதி, காணும் கண்ணும் துய்க்கும் நெஞ்சும் உடைய அனைவர்க்கும் உரிய நாட்டுச் சொத்துப் போன்றது எனத் தம் வழிகாட்டி நூலில் எழுதியவர் வேர்ட்ஸ்வொர்த். அவரே 1844இல், கெண்டலிலிருந்து விண்டர்மியருக்கு இருப்புப்பாதை இடும் திட்டத்தை எதிர்த்தார். தொழில் நகரங்களின் எளிய மக்கள் திரளாக வந்திறங்கினால் அழகைத் துய்க்கும் பயிற்சி அவர்பால் இராது என்பது அவர்தம் வாதங்களுள் ஒன்று. கண்ணும் நெஞ்சும் யாருக்கு உண்டு எனத் தீர்மானிப்பவர் யார்? இவ்வினாவுக்கு அவரிடம் விடை இல்லை.

‘ஒரு மாலை நடை’ வெளியான அதே 1793இல், ஹெல்ப்ஸ்டன் என்னும் சிற்றூரில், கதிரடிக்கும் கூலியாள் ஒருவரின் மகனாய்ப் பிறந்தார் ஜான் கிளேர். அவர் 16 வயதை எட்டும் முன்பே, 1809இல், அவ்வூரின் பொதுநிலங்களுக்கு வேலியிடும் சட்டம் நிறைவேறியது. நாடு முழுவதிலும் இவ்வாறு 5,000க்கும் மேற்பட்ட சட்டங்கள் பல்வேறு காலங்களில் இயற்றப்பட்டன. 68 லட்சம் ஏக்கர் நிலம் அவற்றுக்கு உட்பட்டது. மாடு மேய்ந்த மந்தைவெளியும், சிறுவர் ஓடிய தடமும் ஒரே தலைமுறையில் அடைபட்டன. கூலிக்காக அவ்வேலிகளை நடும் பணியையும் கிளேரே செய்ய நேர்ந்தது என்பது நெஞ்சை வருத்தும் செய்தி.

பொதுநிலத்தின் இழப்பைப் பற்றிய அவர்தம் கவிதையொன்றில், முதலில் கண்ணுக்கெட்டிய தூரம் தடையின்றி விரியும் வெளி வருகின்றது. பின்னர், அது சிறு சிறு வயல்களாகத் துண்டுபடுகின்றது. வளைந்து சென்ற இனிய பாதைகள் ஒவ்வொன்றாய் நிற்கின்றன. இங்கு வழியில்லை என்னும் அறிவிப்புப் பலகை எழுகின்றது. பறவைகளும் இனி அப்பால் செல்லலாகாது போலும் என எள்ளலும் துயரும் கலந்து கவிஞர் கூறுகின்றார். ‘ஹெல்ப்ஸ்டன்’ கவிதையில் செல்வத்தைச் சபித்த அடிகள், புரவலராயிருந்த பிரபு ஒருவருக்குப் பிடிக்காமையால், நூலின் பிற்பதிப்புகளில் நீக்கப்பட்டன. வேலி நிலத்தோடு நில்லாது கவிதைக்குள்ளும் புகுந்தது!

கிளேரிடம் வருணனை உண்டு, உணர்ச்சி போதாது என்னும் கருத்து நெடுநாள் நிலவிற்று. இருவருக்கும் பதிப்பாளராயிருந்த ஜான் டெய்லர் வாயிலாகக் கீட்ஸும் இத்தகைய கருத்தையே தெரிவித்தார். பெருங்கவிஞரின் கருத்தாயினும், இதனை ஏற்க நமக்கு இயலவில்லை. கோப்புகளோடு காலம் கழிக்கும் நம்மனோர் ஒன்றை அறிவோம்: வழக்கொன்று எழுந்தால் நிற்பது உணர்ச்சியன்று, சாட்சியே. எந்தப் புதரில் எந்தக் குருவி முட்டையிட்டது, எந்த மரத்தருகே தடம் திரும்பிற்று எனக் கிளேர் எழுதுவது, ஊர் முதியவர் ஒருவர் மன்றத்தில் நின்று, இவ்வழி இங்கே இருந்தது, யான் நடந்தேன் எனச் சொல்வதை ஒத்தது. அவருக்கு வருணனையே வாதம். இழந்த ஒன்றை அளந்து சொல்பவனின் துயரம் அலங்காரத்தை வேண்டாது.

1841 ஜூலையில், எஸ்ஸெக்ஸில் உள்ள மனநோய் விடுதியினின்றும் நீங்கி, ஏறத்தாழ 80 மைல் தொலைவை நான்கு நாட்களில் நடந்தே கிளேர் இல்லம் சேர்ந்தார். பசிக்கு வழியோரப் புல்லைத் தின்றதையும், விடிந்தபின் திசை தவறாதிருக்க வடக்கே தலைவைத்து உறங்கியதையும் அவரே எழுதிவைத்துள்ளார். தனித்து நடப்பதன் இன்பத்தை ஹாஸ்லிட் 1822இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அது நல்ல கட்டுரையே. ஆயின், கிளேரின் குறிப்பை அதனருகே வைத்துப் படிப்போர், விரும்பி நடப்பதற்கும் வேறு வழியின்றி நடப்பதற்கும் உள்ள வேறுபாட்டை உணர்வர்.

நம் காலத்துக்கு நெருங்கிய ஒருவரையும் இவண் குறிப்பிடல் தகும். பிளாக்பர்ன் நகராட்சி அலுவலகத்தில் எடுபிடிச் சிறுவனாகப் பணி தொடங்கி, கெண்டல் நகரக் கருவூலராக உயர்ந்தவர் ஆல்ஃபிரட் வெயின்ரைட். வார விடுமுறைகளில் பேருந்தில் சென்று நடந்து, ஏரிப்பகுதியின் 214 குன்றுகளைப் பற்றி ஏழு தொகுதிகளை 1955 முதல் 1966 வரை வெளியிட்டார். எழுத்தும் படமும் அவர்தம் கைவண்ணமே. வழிநடப்போரை ஆற்றுப்படுத்தும் இந்நூல்களை இலக்கியம் எனலாமா என ஐயுறுவோர் உளர். தொகுதிகளுள் ஒன்றை அவர் கற்சுவர்களைக் கட்டிய தொழிலாளருக்கு உரிமையாக்கினார். வழியிற் காணும் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கை இருப்பதை உணர்ந்தவரின் நூல் இலக்கியத்தின் வாயிலில் நிற்பதன்று. உள்ளே அமரத் தக்கது.

இவ்வுரிமைகள் எளிதில் நிலைபெறவில்லை. 1932 ஏப்ரல் 24ஆம் நாள், கிண்டர் ஸ்கௌட் மேட்டில் தடையை மீறி நடந்த இளந்தொழிலாளருள் ஐவர் சிறை சென்றனர். பொதுவழிகளை வரைபடத்தில் பதியும் கடமையை 1949ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளூராட்சிகளுக்கு விதித்தது. பதியப்படாத பழைய வழிகளுக்கு 2026 ஜனவரி முதல்நாளை இறுதிக் கெடுவாக 2000ஆம் ஆண்டுச் சட்டம் குறித்தது. அக்கெடுவை நீக்கப்போவதாக 2024 டிசம்பரில் அரசு அறிவித்தது. மறைந்த வழிகளுக்குச் சான்று தேடுவோர் புரட்டும் ஆவணங்களுள் முதன்மையானவை எவை தெரியுமா? கிளேரின் மந்தைவெளியை அடைத்த அதே வகை வேலியடைப்பு ஆவணங்களே! எடுத்துக்கொண்ட கை எழுதிவைத்த ஏடு, திருப்பித் தருவதற்கும் சான்றாகின்றது.

நாம் வேர்ட்ஸ்வொர்த்தின் பெருமையைக் குறைக்க வந்தோமல்லோம். பாதையில் நடக்கும் உள்ளத்தை அவர் காட்டினார். பாதையையே காட்டியவர் கிளேர். முன்னவரை மட்டும் பயின்ற நாம் அழகைக் கற்றோம். அவ்வழகு யாருக்கு உரியது என்பதைக் கற்கவில்லை. இனியேனும் நம் இளைஞர் கையில் ஆங்கில இயற்கைக் கவிதை சேரும்போது, இவ்விருவரையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு அவர்களுக்குக் கிட்டுதல் வேண்டும்.